ஏன் எப்போதும் தெருவிலேயே இருக்கிறீர்கள்?

எங்களோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி முதன்முறையாகப் புளியந்தோப்புக்கு வந்தபோது கேட்டாள்: "உங்க ஏரியாவுல எல்லாரும் ஏன் எப்பவும் தெருவுலயே இருக்கீங்க?" குறை சொல்லும் எண்ணத்தில் அவள் கேட்கவில்லை. தென்சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத இடம் அது. நாங்கள் அன்று சிரித்து மழுப்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

காரணம், அதே கேள்வியை வேறு பலரும் வேறு குரலில் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு கேரம் போர்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ரோந்து வண்டி வந்து நிற்கும். "என்னடா கூட்டம்? கலைஞ்சு போங்க." சினிமாக்காரர்களுக்கு எங்கள் தெருக்கூட்டம் என்றால் அரிவாள் வரப்போகிறது என்று பொருள். வீட்டு வாடகைக்குப் போனாலும், வேலைக்கு நேர்காணல் போனாலும், முகவரியைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகம் ஒரு நொடி மாறும். எங்கள் வயதுத் தோழர்களுக்கும் இப்போது கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. எங்களுக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறோம்.

முதல் பதில் எளிமையானது. பத்துக்குப் பத்து அறை. அதில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த நைனா தூங்குகிறார். அம்மா சமைக்கிறாள். கைக்குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? படிக்கட்டில், தெருவிளக்கடியில். மஞ்சள் நீராட்டும் தெருவில்தான், கல்யாணப் பந்தலும் தெருவில்தான், பிணத்தைக் கிடத்துவதும் தெருவில்தான். வீடு என்று மற்றவர்கள் சொல்வதில் பாதியை எங்களுக்குத் தெருதான் தந்தது.

இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, ஓட்டேரி என்ற இந்தப் பகுதி பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சுற்றி வளர்ந்தது. 1870களின் பிற்பகுதியில் தொடங்கி ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து, ஊதும் நேரத்தில் திரும்பிய மனிதர்கள் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள். 1918இல் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகம் அதைப் பெருமையோடு சொல்கிறது. 1921ஐப் பற்றிப் பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசாது.

அந்த ஆண்டு மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. முந்தைய போராட்டத்தில் பட்டினி கிடந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. கையிருப்பு என்று எதுவும் இல்லை. சங்கத்தில் 'தோழர்' என்று அழைத்தவர்கள் சங்கத்துக்கு வெளியே என்னவாக நடத்தினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விளைவு, ஒரே ஆலையில் ஒரே தறியில் நின்றவர்கள் புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள். குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதற்கு இதில் கிளம்பிய கசப்பும் ஒரு காரணம்.

இதையெல்லாம் நாங்கள் நூலகத்தில் தேடிப் படித்தது பிற்பாடு. முதலில் கேட்டது கேரம் போர்டு பக்கத்தில். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்துபோன ஒரு தாத்தா, ஸ்ட்ரைக்கரை விரலில் சுண்டிக்கொண்டே, "குடிசை எரிஞ்ச வருசம்" என்று தன் அம்மா சொன்னதைச் சொன்னார். ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மில் என்பது பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும்தான். அந்தத் தாத்தா மாலையில் வந்து உட்கார ஒரு பெஞ்சு தெருவில் இல்லாமல் போயிருந்தால், 1921 எங்களுக்குக் கிடைத்திருக்காது. எங்கள் வரலாறு கூடி உட்கார்ந்த இடத்தில்தான் கைமாறியிருக்கிறது.

இனி எங்கள் வருஷத்தைச் சொல்கிறோம். அது ஆடியில் தொடங்குகிறது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருப்பார்கள். விடியற்காலையில் தெருமுனையில் அண்டா ஏறும். நொய் வேகும், கூழ் கொதிக்கும், பக்கத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். மைக் செட் அம்மன் பாட்டை அலறவிடும். வேப்பிலைத் தோரணம், மஞ்சள் புடவை. சிலர் வேன் பிடித்துப் பெரியபாளையம் கிளம்புவார்கள். ராத்திரி கும்பம் கொட்டுவார்கள்.

எங்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும்போது படிப்பு வட்டம் ஒன்று தொடங்கினோம். 1956இல் நாக்பூரில் அண்ணல் எடுத்த 22 உறுதிமொழிகளைப் படித்தோம். படித்த வேகத்தில் ஆடித் திருவிழாவுக்கு வசூல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். 'மூடநம்பிக்கைக்கு எங்கள் பணம் இல்லை' என்று எழுதித் தெருமுனையில் ஒட்டினோம். அம்மாக்கள் திட்டினார்கள். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

கூழ் ஊற்றும் ஆயா மட்டும் திட்டவில்லை. அண்டாவைத் துழாவிக்கொண்டே கூப்பிட்டுச் சொன்னார்: "சாமிக்காடா கூழு? எந்த ஊட்ல அடுப்பு எரியலன்னு கூழு ஊத்துற அன்னிக்குத்தான்டா கண்ணுக்குத் தெரியும். எவ ரெண்டு தபா பெரிய பாத்திரம் எடுத்துனு வர்றான்னு பாரு."

பார்த்தோம். மூன்றாவது மாடியில் இருந்த அக்கா இரண்டு முறை வந்தார். அவர் கணவர் விபத்தில் அடிபட்டு நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆயாவுக்கு முன்பே தெரியும். அடுத்த வாரம் தெருவே சேர்ந்து அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கியது. விடுதலை அரசியல் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும், அந்த வீட்டின் பசி தெரியவில்லை.

அதன் பிறகுதான் அயோத்திதாசப் பண்டிதரை (1845–1914) நிதானமாகப் படித்தோம். 1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையும் பொங்கலையும் அவர் தூக்கி எறியவில்லை. அவற்றின் தொடக்கம் பௌத்தத்தில் இருக்கிறது, பிறகு கதை மாற்றப்பட்டது என்று எழுதினார். தீபாவளியை எள்ளெண்ணெயோடும், கார்த்திகையை ஆமணக்கெண்ணெயோடும் இணைத்து அவர் விளக்கியதை வரலாற்று ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வியின் திசை எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: மக்கள் கூடுகிறார்கள் என்றால் எதற்காகக் கூடுகிறார்கள், அந்தக் கூடுதல் யார் கையில் இருக்கிறது?

அடுத்த ஆடியில் நோட்டீஸ் ஒட்டவில்லை. கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டோம். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தல். கூழ் வாங்க வந்தவர்கள் அப்படியே மேசைக்கும் வந்தார்கள். மாலைக்குள் ஒரு நோட்டு நிறைந்தது. கடன் வாங்கித் திருவிழாச் செலவு செய்வதையும், வட்டிக்காரர் அந்த மாதத்தில் தெருவையே சுற்றி வருவதையும் இன்றும் எதிர்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் எங்கள் பேச்சை இப்போது அம்மாக்கள் நின்று கேட்கிறார்கள்.

ஆடி முடிந்து இரண்டு மாதத்தில் மழை வரும். மழையும் எங்களுக்கு ஒரு கூடும் காலம்தான், விரும்பிக் கூடுவதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது என்று செய்தி வந்தால் வியாசர்பாடி துண்டிக்கப்பட்டது என்று பொருள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தரைத்தள வீட்டுக்காரர்கள் மேல்மாடி வீடுகளில் படுத்தார்கள். மொட்டைமாடியில் பொது அடுப்பு எரிந்தது. யார் வீட்டு அரிசி, யார் வீட்டுப் பருப்பு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. படகும் மீட்புக்குழுவும் வருவதற்கு முன்னால் வந்தது பக்கத்து வீடு. ஆடியில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருந்த தெரு, டிசம்பரில் அந்தக் கிழவியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது.

அதே டிசம்பரில் நகரத்தின் இன்னொரு பக்கம் 'சீசன்' நடக்கும். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் மார்கழிக் கச்சேரிகள். செய்தித்தாள்கள் தனிப் பக்கம் ஒதுக்கும். சபா கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக்கூட எழுதுவார்கள். எங்கள் பக்கம் பாட்டு ஒலித்தால் அது பெரும்பாலும் சாவு வீட்டில். செத்தவருக்காக விடிய விடியக் கானா பாடுவார்கள். செத்தவர் எங்கே பிறந்தார், எந்த வேலை பார்த்தார், யாரைக் காதலித்தார், யாரிடம் ஏமாந்தார் என்று ஒரு கூலித்தொழிலாளியின் முழு வாழ்க்கையும் அந்தப் பாட்டில் வரும். எங்கள் ஆட்களில் பலருக்கு வாழ்க்கை வரலாறு என்று ஒன்று அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

அதனால்தான் 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோதும், 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியபோதும் எங்கள் தெருவில் கொண்டாட்டமாக இருந்தது. மார்கழி என்ற சொல்லே ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சொந்தமாக இருந்த நகரத்தில், அந்த மாதத்துக்குள் நாங்களும் நுழைந்தோம்.

தையில் மாட்டுப்பொங்கல். அன்று எங்கள் வீடுகளில் என்ன சமைப்போம் என்பதைப் பள்ளியில் மறைத்த தலைமுறை நாங்கள். இப்போதைய பிள்ளைகள் டப்பாவைத் திறந்து வைத்தே சாப்பிடுகிறார்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

ஏப்ரல் 14 எங்களின் பெரிய நாள். முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கே கேக் வெட்டுவோம். நீலக்கொடி, சீரியல் லைட், பைக் ஊர்வலம், ஊரெல்லாம் சாப்பாடு. 2022இல் தமிழ்நாடு அரசு அந்த நாளைச் சமத்துவ நாள் என்று அறிவித்தபோது எங்கள் பேனரில் அதையும் சேர்த்து அச்சடித்தோம். அந்தப் பேனரில் இருந்த முகங்கள் எல்லாமே ஆண்கள். மேடையில் உட்கார்ந்தவர்களும் அப்படியே. பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்த, துப்புரவுப் பணிக்குப் போகும் ஓர் அக்கா, மைக்கில் சமத்துவம் பற்றி நாங்கள் முழங்கி முடித்தவுடன் வந்து கேட்டார்: "அம்பேத்கர் பொறந்த நாளுக்கும் நாங்கதான் பாத்திரம் கழுவணுமா?"

எங்களிடம் பதில் இல்லை. ஒருவன், "நீங்க பேசறதா இருந்தா சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். "கேட்டியா நீ?" என்றார் அவர். உண்மைதான், கேட்கவில்லை. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பில் பெண்களைத் திரட்டிய அன்னை மீனாம்பாள் சிவராஜின் (1904–1992) படத்தை மேடையில் வைத்திருந்தோம். படத்தை வைத்தோமே தவிர, எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு நாற்காலி வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு அந்த அக்கா தலைமை தாங்கினார். கையுறை தராமல் குப்பை அள்ளச் சொல்வதைப் பற்றி, ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொள்ளும் கூலியைப் பற்றி, பதினைந்து நிமிடம் பேசினார். பையன்கள் பாத்திரம் கழுவினோம். அதற்கடுத்த ஆண்டு மறுபடியும் பழைய பழக்கம் தலைதூக்கியது. மறுபடியும் சண்டை போட்டோம். ஒரே விழாவில் திருந்திவிட்டோம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஆண்டுக்கொரு முறை எல்லோரும் கண்டிப்பாகக் கூடுகிற நாள் ஒன்று இருப்பதால்தான் போன ஆண்டுக் கணக்கை இந்த ஆண்டு கேட்க முடிகிறது.

மே மாதம் கால்பந்து. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்வார்கள். இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் இந்தப் பகுதிப் பையன். கோடை விடுமுறையில் மைதானம் காலையிலும் மாலையிலும் நிரம்பி வழியும். இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள்.

இந்த வட்டம் முழுவதையும் சொல்லியதற்குக் காரணம் உண்டு. கூழ் ஊற்றிய ஆயா இப்போது எங்கள் தெருவில் இல்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, நீர்வழியோரம் குடியிருந்த பல குடும்பங்களைப் போல, கால்வாயோரத்தில் இருந்த அவர் குடும்பத்தையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குலுக்கலில் வீடு. பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஆறு குடும்பங்கள் ஆறு வேறு பிளாக்குகளுக்குப் போயின. ஆயாவின் மருமகள் இங்கே வீட்டு வேலை பார்த்த நான்கு வீடுகளையும் இழந்தார். பேரன் பள்ளியை விட்டான். அடுத்த ஆடியில் ஆயா பஸ் மாறி மாறி வந்து இறங்கினார், கையில் துடுப்போடு. அண்டா முன்னால் உட்கார்ந்து வழக்கம்போலக் கிளறினார். எப்படி இருக்கிறது புது வீடு என்று கேட்டோம்.

"ஊடு நல்லாத்தான்டா கீது. கதவத் தொறந்தா எதிர்ல சுவுருதான் தெரியுது. யாரு ஊட்ல அடுப்பு எரியுது, எரியலன்னு எப்டிறா எனக்குத் தெரியும்?"

மறுகுடியமர்வு பற்றிய எந்த அறிக்கையிலும் நாங்கள் படிக்காத வாக்கியம் அது. சதுர அடி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, லிஃப்ட்கூட இருக்கிறது. முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து சேர்த்த அறிவு மட்டும் குலுக்கலில் கலைந்துவிட்டது. அதைத் திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறை ஆகும். 2000இல் மக்களைக் குடியேற்றத் தொடங்கிய கண்ணகி நகரைப் பாருங்கள். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் அந்த ஊர்ப் பெண் கார்த்திகா இருந்தார். 25 ஆண்டுகள் மக்கள் தங்கள் உழைப்பால் கட்டிய புதிய கூடல் அது. அவர்களைத் தூக்கி வீசிய திட்டத்துக்கு அதில் பெருமை கிடையாது.

இப்போது எங்கள் ஹவுசிங் போர்டும் பழசாகிவிட்டது. இடித்துக் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். கட்டட்டும், சுவர் பெயர்ந்து விழும் வீட்டில் யாரும் ஆசைப்பட்டு இருப்பதில்லை. கருத்துக் கேட்பு என்று ஒரு கூட்டம் நடந்தது. வரைபடத்தை விரித்தார்கள். வாகன நிறுத்தம் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று காட்டினார்கள். அண்டா கழுவிய அதே அக்கா எழுந்து, "கூழ் அண்டா எங்க வைக்கிறது? சாவு விழுந்தா பந்தல் எங்க போடறது?" என்று கேட்டார். அதிகாரி சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இங்கே இருந்தவர்கள் எல்லோரும் இங்கேயே திரும்ப வர வேண்டும். ஒரே தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரே தளத்தில் வீடு வேண்டும், குலுக்கல் வேண்டாம். தரைத்தளத்தில் பூட்டுப் போடாத பொது இடமும், அதில் ஒரு படிப்பகமும் வேண்டும். "பார்க்கலாம்" என்றார்கள். 'பார்க்கலாம்' என்ற சொல்லின் பொருள் எங்களுக்குத் தெரியும். அதனால் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எங்கே வாங்குகிறோம்? தெருவில்தான், கேரம் போர்டு மேல் தாளை விரித்து.

தோழர்களே, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(b) தருகிறது. அதை வரைந்த குழுவின் தலைவர், 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தியவர். பொது இடம் என்பது நமக்கு யாரும் சும்மா கொடுத்ததல்ல. உங்கள் பகுதியில் மக்கள் எந்த மாதம், எந்த மூலையில், எதற்காகக் கூடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். யார் பேசுகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஒரு வரைபடத்தை விரித்து உங்கள் தெருவைக் காலி இடம் என்று யாராவது சொன்னால், அந்த நோட்டு உங்களுக்குத் தேவைப்படும்.

எங்கள் தோழிக்கும் இப்போது பதில் சொல்லிவிட்டோம். இந்த ஆடிக்கு அவள் வருகிறாள். ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறும்போது போன் செய்யச் சொல்லியிருக்கிறோம், நிறுத்தத்தில் இருந்து துடுப்பை வாங்கிக்கொள்ள ஒருவன் போவான்.

ஜெய்பீம்.